படத்தொகுப்புக் கலை

காஞ்சிபுரத்திலே வைகுண்டப் பெருமாள் கோயில் என்று ஒரு பழைய கோயில் உண்டு. பரமேச்சுர விண்ணகரம் என்பது அதன் முன்னைப் பெயர். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் எடுப்பித்த அக்கோயிலின் திருச்சுற்று மாளிகையில், தூண்களுக்குப் பின்னே நீண்ட சுவர் ஒன்று செல்கின்றது. அச்சுவரில் வரிசை வரிசையாகச் சிற்பங்கள் உள்ளன. அவை பல்லவர் குலத்தின் வரலாற்றைக் கூறுவன. இரண்டாம் பரமேச்சுரவர்மன் இறந்தபின் நாட்டுக்கு அரசன் இல்லாமற் போகவே, காஞ்சிப் பெருமக்கள் இரணியவர்மனிடம் சென்று முறையிட்டனர். அவனுடைய மக்கள் நால்வருள் மூவர் அரசுரிமையை மறுத்தனர். பன்னிரண்டு வயதே நிரம்பிய பல்லவமல்லன் இசைந்தான். மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சியை அடைந்து முடி சூடினான். இச்செய்தியை அக்கோயிற் கல்வெட்டு எழுத்தாற் கூறுகின்றது. சுவர்ச் சிற்பங்கள் உருவாற் கூறுகின்றன.

அச்சுவரின் ஓரமாக மெல்ல நடந்து பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். சிற்பி எல்லாவற்றையும் செதுக்கவில்லை. அரசவையைக் காட்டினான், முடிசூட்டைக் காட்டினான், போரைக் காட்டினான். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே எத்தனை நாள், எத்தனை காதம் கழிந்தன என்பதை நம் மனமே நிரப்பிக் கொள்கின்றது. எதைக் காட்டுவது, எதை விடுப்பது, எதன்பின் எதை வைப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே அவன் உளியைக் கையில் எடுத்திருத்தல் வேண்டும்.

இம்மூன்று கேள்விகளே திரைப்படத்தில் படத்தொகுப்பாளருடைய தொழிலாகும்.

திரையில் நாம் காண்பது உண்மையில் ஓடும் படம் அன்று. அசையாத படங்களின் வரிசையே ஆகும். ஒலியுடன் கூடிய திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் செல்கின்றன. இப்படங்கள் ஒவ்வொன்றையும் சட்டம் என்பர். இரண்டரை மணி நேரம் ஓடும் படம் ஒன்றில் 2,16,000 சட்டங்கள் இருக்கும். படச்சுருள் வழங்கிய காலத்தில் ஓரடி நீளச் சுருளில் 16 சட்டங்கள் அடங்கின. ஆகவே அப்படத்தின் நீளம் 13,500 அடி. ஆனால் படப்பிடிப்பின்போது எடுக்கப்படுவதோ அதனைப் போலப் பன்மடங்கு. ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுப்பர். நடிகர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் மீண்டும் எடுப்பர். அவ்வளவும் கதையின் ஒழுங்கின்றிக் குவியலாகத் தொகுப்பாளரிடம் வந்து சேரும். அக்குவியலிலிருந்து ஒரு படத்தை உண்டாக்குவது அவர் கடன்.

1895ஆம் ஆண்டில் பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் காட்டிய முதற் படங்களுக்குத் தொகுப்பு என்பதே தேவைப்படவில்லை. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ ஐம்பது நொடி ஓடிற்று. சுருள் தீர்ந்தால் படமும் தீர்ந்தது. ஒரு துண்டை மற்றொரு துண்டோடு ஒட்டிக் கதை சொல்லலாம் என்று கண்ட பின்னரே திரைப்படம் ஒரு கலையாயிற்று.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியைப் பார்த்தவர்க்கு இக்கலையை விளக்குவது எளிது. அவ்வூர்ச் சேலையில் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருக்கும். இரண்டையும் தனித்தனியே நெய்து பின்னர்த் தைப்பதில்லை. உடலுக்கு ஒரு நாடாவும் இருபுறக் கரைகளுக்கு இரண்டு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடும். கரையின் ஊடை உடலின் ஊடையோடு ஒவ்வொரு முறையும் கோத்துக்கொண்டு திரும்பும். இதற்குக் கோர்வை என்று பெயர். இதனை ஒருவரே செய்தல் அரிது. நெசவாளர்க்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவர் அமர்ந்து ஒரு நாடாவை வாங்கியும் கொடுத்தும் வருவார். சேலை நைந்து கிழியினும் கோர்வை விடாது என்பது அவ்வூரார் பெருமை.

முந்தானையின் நிறமும் வேறாயின் பாவு இழைகளையே மாற்றவேண்டும். பழைய நிறத்துப் பாவோடு புதிய நிறத்துப் பாவு இழைகளைக் கையாலேயே பிணைப்பர். அவ்விடத்தில் இரு நிறமும் கலந்த சிறு பட்டை ஒன்று தோன்றும். உடல் எங்கே முடிந்தது, முந்தானை எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழித்துச் சொல்ல இயலாது.

படத்தொகுப்பிலும் இவ்விருவகை இணைப்பும் உண்டு. ஒரு காட்சித் துண்டு முடிந்த அக்கணமே அடுத்த துண்டு தொடங்குவது நேர்வெட்டு. நாம் காணும் படங்களில் மிகப் பெரும்பாலான இணைப்புக்கள் இவ்வகையினவே. ஒரு காட்சி மங்கிக்கொண்டே போக, அதன்மேல் மற்றொரு காட்சி தெளிந்துகொண்டே வருவது கலப்பு. முந்தானை பிணைத்த இடம் போல இங்கும் சிறிது நேரம் இரண்டும் கலந்து நிற்கும். காலம் கழிந்ததையோ நினைவு பின்னோக்கிச் சென்றதையோ காட்டுவதற்குக் கலப்புப் பயன்படும். புதிதாகப் பழகுவோர் ஒவ்வோர் இணைப்பிலும் கலப்பை வைக்க ஆசைப்படுவர். சேலை முழுவதும் முந்தானையாக நெய்தால் எப்படியோ, அப்படியே அதுவும்.

இனி, பழகும் முறையைப் பார்ப்போம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் தறியைப் பற்றி மூன்று நிமிடப் படம் ஒன்றை மாணவர் இருவர் கைப்பேசியிலே எடுக்கின்றனர் என்று கொள்வோம். ஒரு பட்டுச்சேலை நெய்யப் பத்து நாள் முதல் இருபது நாள்வரை ஆகலாம். வேலைப்பாடு மிகுந்தால் இன்னும் கூடும். அத்தனை நாளை மூன்று நிமிடத்தில் அடக்க வேண்டும். தொடக்கத்திலேயே இம்முட்டுப்பாடு வந்துவிடுகின்றது.

முதலிற் செய்ய வேண்டுவது, எடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் ஒருமுறை முழுமையாகப் பார்த்து, இன்ன துண்டில் இன்னது உள்ளது என்று ஏட்டில் எழுதி வைத்தல். இது சலிப்பான வேலை. ஆயினும் இதனைச் செய்யாதவர் பின்னர் ஒரு துண்டைத் தேடுவதிலேயே நாளைப் போக்குவர். தூரத்திலிருந்து அறை முழுவதையும் காட்டும் சேய்மைக் காட்சி, ஆளை இடுப்புவரை காட்டும் இடைநிலைக் காட்சி, கையையோ முகத்தையோ மட்டும் காட்டும் அண்மைக் காட்சி என்று துண்டுகளைப் பிரித்துக்கொள்ளலாம். இவற்றைத் திரையில் ஒரே அளவு நேரம் வைத்தல் கூடாது. சேய்மைக் காட்சியில் கண் பல பொருள்களைத் தேடிப் பார்க்கவேண்டும். குழித்தறி, மேலே தொங்கும் கயிறுகள், மூலையில் இராட்டை, சுவரில் சாமி படம் எனப் பல இருக்கும். அதற்கு நேரம் வேண்டும். நாடாவைப் பிடித்த விரல்களைக் காட்டும் அண்மைக் காட்சியோ இரண்டு நொடியிற் புரிந்துவிடும். பார்ப்பவர் பார்த்து முடித்த பின்னும் காட்சி நின்றால் சலிப்பு உண்டாகும். முடிக்கும் முன்னே மறைந்தால் எரிச்சல் உண்டாகும்.

சேய்மைக் காட்சியிலிருந்து அண்மைக் காட்சிக்கு எங்கே வெட்டுவது? அசைவின் நடுவே வெட்டுதல் நன்று. நெசவாளர் வலக்கையால் நாடாவை எறியத் தொடங்குவதைச் சேய்மைக் காட்சியில் காட்டி, அந்த எறிதல் முடியுமுன் வெட்டி, இடக்கை அதனை வாங்குவதை அண்மைக் காட்சியில் காட்டினால், இடையே வெட்டு இருப்பதையே ஒருவரும் அறியார். கண் நாடாவைத் தொடர்ந்து சென்றுவிடும். கை அசையாமல் இருக்கும்போது வெட்டினாலோ, படம் குதித்ததுபோல் தோன்றும்.

மற்றொரு விதியைப் படம் எடுக்கும்போதே நினைவில் வைக்கவேண்டும். உதவியாள் நெசவாளரின் வலப்புறத்தில் அமர்ந்திருக்கிறார் என்க. அவ்விருவரையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொண்டு, அக்கோட்டின் ஒரு பக்கத்திலிருந்தே எல்லாத் துண்டுகளையும் எடுத்தல் வேண்டும். ஒரு துண்டை முன்னிருந்தும் அடுத்ததைப் பின்னிருந்தும் எடுத்து ஒட்டினால், வலத்தே இருந்தவர் திரையில் இடத்தே தாவிவிடுவார். நாடாவும் எதிர்த்திசையில் ஓடும். பார்ப்பவர், உதவியாட்கள் இருவரோ என்று மயங்குவர். இப்பிழை நேர்ந்த பின் வெட்டி ஒட்டித் திருத்துதல் மிகக் கடினம்.

பதினைந்து நாளைச் சுருக்குவது எவ்வாறு? நெசவாளர் தறியில் அமர்ந்திருக்கும் ஒரே காட்சியைக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக எடுத்து அடுத்தடுத்து ஒட்டினால், நெய்த துணி திடீரென்று நீண்டதுபோற் குதிக்கும். நடுவே வேறொரு காட்சியை வைத்தால் இக்குறை நீங்கும். வீட்டு மூதாட்டி தார் சுற்றும் காட்சியையோ, விடியலில் தெருவிலே பாவு நீட்டும் காட்சியையோ சில நொடி காட்டிவிட்டு மீண்டும் தறிக்கு வந்தால், இடையில் நாட்கள் சென்றன என்று மனம் ஏற்றுக்கொள்ளும். வைகுண்டப் பெருமாள் கோயிற் சிற்பி இரண்டு காட்சிகளுக்கு நடுவே விட்ட வெளியும் இத்தகையதே.

படத்தைப் போலவே ஒலியையும் கோக்க வேண்டும். படமும் ஒலியும் ஒரே இடத்தில் வெட்டப்படவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தெருக்காட்சி திரையில் இருக்கும்போதே தறியின் ஓசை மெல்லக் கேட்கத் தொடங்கி, பின்னர்த் தறி தோன்றினால், காது முன்னே சென்று கண்ணை அழைத்துச் செல்கின்றது. கோர்வையில் ஊடைகள் ஒன்றையொன்று பற்றுவது போல ஒலியும் படமும் இங்கே ஒன்றையொன்று பற்றுகின்றன. படம் எடுக்கும் இடத்தில் ஒருவரும் பேசாமல் இருக்க, அவ்வறையின் அமைதியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்தல் நலம். அமைதி என்பது ஒலியின்மை அன்று. ஒவ்வோர் அறையின் அமைதியும் ஒவ்வொரு விதம். துண்டுகளின் இடையே விழும் ஒலிப்பள்ளங்களை நிரப்ப அது உதவும்.

இவையெல்லாம் கைத்திறன். இதற்கு மேற்பட்ட ஒன்று உண்டு. இரசியாவில் குலேசோவ் என்னும் இயக்குநர் 1920ஆம் ஆண்டையொட்டி ஒரு சோதனை செய்தார். நடிகர் ஒருவரின் சலனமற்ற முகத்தைக் காட்டும் ஒரே துண்டை எடுத்துக்கொண்டு, அதனை ஒரு கிண்ணக் கஞ்சியோடும், இறந்தவர் உடலோடும், வேறொரு காட்சியோடும் மாறி மாறி ஒட்டிக் காட்டினார். கண்டவர், அந்நடிகர் பசியையும் துயரத்தையும் எவ்வளவு நுட்பமாக நடித்துக் காட்டினார் என்று வியந்தனராம். முகம் ஒன்றே, மாறியது அடுத்து வந்த காட்சி. குலேசோவின் மாணவரான புடோவ்கின் இச்செய்தியை எடுத்துரைத்துள்ளார். பொருள் துண்டுகளில் இல்லை. இரண்டு துண்டுகள் சேரும் இடத்திற் பிறக்கின்றது என்பது இதனால் விளங்கும்.

தமிழ்ப் படங்களிலும் இவ்வுண்மையைக் காணலாம். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'மீரா' 1945ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் சிறுமியாகப் பாடத் தொடங்கும் மீரா அப்பாட்டு முடிவதற்குள் வளர்ந்த பெண்ணாகின்றாள். பல ஆண்டுகள் சில நிமிடங்களிற் கழிகின்றன. பாட்டின் தொடர்ச்சி அத்தாவலை மறைத்துவிடுகின்றது. 1954ஆம் ஆண்டில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். கொலை ஒன்றைப் பற்றிப் பலர் கூறும் செய்திகளைத் தனித்தனி நினைவுக் காட்சிகளாக அடுக்கி அப்படம் செல்கின்றது. ஒவ்வொருவர் கூற்றும் நம் ஐயத்தை ஒவ்வொருவர்மேல் திருப்புகின்றது. காட்சிகளின் வரிசையை மாற்றினால் அக்கதையே இல்லை.

காஞ்சிபுரத்து நெசவாளரைப் பற்றியே ஒரு படம் வந்துள்ளது. பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சிவரம்', 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்றது. நெசவாளராக நடித்த பிரகாசுராசு சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். மகளைப் பட்டுச்சேலை உடுத்தி மணமுடித்துத் தருவேன் என்று சூளுரைத்த ஏழை நெசவாளன், பட்டு இழையை வாயில் ஒளித்து நாள்தோறும் சிறிது சிறிதாகக் களவாடி வருகின்றான். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. 1948ஆம் ஆண்டு, மழையிரவு, காவலர் காப்பில் அவனைக் கைதியாக ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்கின்றது. பேருந்துக்கும் அவனுடைய பழைய வாழ்வுக்குமாகப் படம் மாறி மாறிப் போகின்றது. அவன் மகளை மகிழ்ச்சியோடு தூக்கிக் கொஞ்சும்போதும், அவன் கையில் விலங்கு விழப்போவதை நாம் அறிந்தே இருக்கின்றோம். நிகழ்ந்த முறைப்படியே கதையைக் கோத்திருந்தால் அம்மகிழ்ச்சி வெறும் மகிழ்ச்சியாகவே நின்றிருக்கும்.

இத்துணை ஆற்றல் உடைய கருவி பொய் சொல்லவும் வல்லது. மேற்கூறிய மாணவர் இருவரும் தம் துண்டுகளைத் தொகுக்கின்றனர். நெசவாளர் உதவியாளை ஏதோ கேட்கும் துண்டு ஒன்று உள்ளது. மற்றொரு நாள் நடுப்பகலில் அவ்வுதவியாள் களைத்துத் தலைகுனிந்து இருந்த துண்டும் உள்ளது. ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், நெசவாளர் கடிந்தார், உதவியாள் வருந்தினார் என்று பொருள்படும். இரண்டும் மெய்யான துண்டுகள். ஆனால் அவை சேர்ந்து சொல்வது நடவாத செய்தி. அவ்வாறே, கடையின் ஒளி, மணமகளின் புன்னகை, சேலை என்று கோத்தால் அது விளம்பரம். குழித்தறி, தளர்ந்த விரல்கள், கடையில் விலைச்சீட்டு என்று கோத்தால் அது வழக்குரை. எதைச் சொல்ல வருகின்றோம் என்பதை அறிந்து கோப்பவர் வேறு. அழகாக இருக்கின்றது என்று கோத்துவிட்டு, பின்னர் அது சொல்லும் பொருளைக் கண்டு திகைப்பவர் வேறு. தொகுத்த படத்தை முதலில் அந்நெசவாளர் வீட்டிலேயே காட்டுதல் சிறந்த முறை. "தம்பி, சாயம் போட்டதுக்கு அப்புறந்தானே தார் சுத்துறது? நீங்க முன்னாலே வச்சிருக்கீங்களே!" என்று ஒரே சொல்லில் அவர் திருத்திவிடுவார்.

பழைய தொகுப்பறைகளில் வேலை இவ்வளவு எளிதாக இல்லை. மூலச்சுருளைத் தொடாமல் அதன் படியை மட்டும் வெட்டுவர். மூவியோலா என்னும் பொறியில் சுருளைச் செலுத்திப் பார்த்து, வேண்டிய சட்டத்தில் மெழுகுப் பென்சிலாற் குறியிட்டு, வெட்டி, சுரண்டிப் பசை தடவி ஒட்டுவர். அவ்வாறு ஒட்டும்போது சட்டம் கெடும் ஆதலால், வெட்டுமுன் பன்முறை எண்ணினர். வெட்டிய துண்டுகள் துணி உலர்த்துவதுபோற் கொக்கிகளில் தொங்கும். இத்தொழில் இயக்குநர்களையும் உண்டாக்கிற்று. 'பராசக்தி' படத்தை இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சு இருவரிடம் உதவித் தொகுப்பாளராகச் சேர்ந்தவரே பின்னாளில் 'பாசமலர்' முதலிய படங்களை இயக்கிய பீம்சிங். அவர் மகன் லெனின், வி. டி. விசயனோடு சேர்ந்து 1987ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாயகன்' முதலிய பல படங்களைத் தொகுத்தார்.

இன்று கணிப்பொறியில் எதுவும் உண்மையில் வெட்டப்படுவதில்லை. இன்ன சட்டத்திலிருந்து இன்ன சட்டம் வரை என்னும் குறிப்பு மட்டுமே எழுதப்படுகின்றது. மூலம் அப்படியே இருக்கும். தவறினால் ஒரு விசையைத் தட்டி மீட்டுக்கொள்ளலாம். இது பெரிய வசதி. ஆயினும் தாம் வருந்தி எடுத்த துண்டை விலக்குவது மட்டும் அன்றுபோலவே இன்றும் கடினமாக இருக்கின்றது. கோபுரத்தின் மேல் கதிரவன் எழும் காட்சியை எடுக்க மாணவர் இருவரும் மூன்று நாள் விடியலில் எழுந்திருப்பர். தறியைப் பற்றிய படத்தில் அதற்கு இடம் இல்லையென்றால், பார்ப்பவர் அந்த மூன்று விடியலை அறியமாட்டார். அதனை எடுத்தவர் அல்லாத மற்றொருவர் தொகுத்தால், தயங்காமல் நீக்கிவிடுவார். தொகுப்பாளர் என்று தனியே ஒருவர் இருப்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

மூன்று நிமிடப் படத்தை எங்கே முடிப்பது என்று அவ்விருவரும் கேட்கலாம். சேலை நெய்து முடிந்ததும் நெசவாளர் அதனைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பார். அறுபடும் இழைகளின் ஓசை மிகச் சிறியது. ஒலிவாங்கியை அருகே வைத்திருந்தால்தான் கேட்கும். அவ்வோசையோடு படத்தை நிறுத்திவிடலாம். அல்லது, சேலையை மடித்து எடுத்துக்கொண்டு அவர் எழுந்து சென்ற பின், துணியில்லாத வெறுந்தறியை ஐந்து நொடி காட்டலாம். இரண்டையும் ஒட்டிப் பார்த்து, அருகிலிருக்கும் ஒருவரிடம் எதுவும் சொல்லாமற் போட்டுக் காட்டி, அவர் முகத்தைக் கவனித்தல் வேண்டும்.